சென்னையா, மும்பையா: வாழத் தகுந்த நகரம் எது?

மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட 'எளிதில் வாழத்தக்க நகரங்கள்' பட்டியலில் பெருநகர மும்பைக்கு 3-ஆவது இடமும், சென்னைக்கு 14-ஆவது இடமும் கிடைத்தன. அடுத்த பட்டியல் 2021 மார்ச்சில் வெளியானபோது, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களின் வரிசையில் சென்னை 4-ஆவது இடத்துக்கு ஏறியிருந்தது. மும்பை 10-ஆவது இடத்துக்கு இறங்கியிருந்தது. இந்த இரு பட்டியல்களுக்கும் இடைப்பட்ட 2019-ஆம் ஆண்டு கோடையில்தான் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவரப்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

இடையில் மதிப்பீட்டு முறை மாறியது. குடிமக்களிடம் நடத்திய கருத்துக்கணிப்புக்கு 30 சதவீத மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. நகரங்கள் இரண்டும் அப்படியே இருக்க, கேள்வி மாறியது, விடையும் மாறிவிட்டது. ஒரு நகரம் வாழத் தகுந்ததா என்பதற்கு ஒற்றை எண்ணில் விடை இல்லை. யார் வாழ, எந்த வருமானத்தில் வாழ, நகரின் எந்த மூலையில் வாழ என்று கேட்டால்தான் விடைக்குப் பொருள் உண்டு.

அந்தக் கேள்வியைச் சென்னை இப்போது கேட்டாக வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. 1,189 சதுர கிலோ மீட்டராக இருந்த பெருநகரப் பகுதி 2022-இல் 5,904 சதுர கிலோ மீட்டராக விரிவாக்கப்பட்டது. 2046 வரையிலான மூன்றாவது திட்டமே அடுத்த இருபது ஆண்டுகளுக்கு எங்கே வீடு, எங்கே தொழில், எங்கே நீர் என்பதைத் தீர்மானிக்கப் போகிறது. இத்தருணத்தில் மும்பையைப் போட்டியாளராகப் பார்ப்பதில் பயனில்லை. அதே பாதையில் சில பத்தாண்டுகள் முன்னே சென்ற நகரமாகப் பார்த்தால், பின்பற்ற வேண்டியவையும் தவிர்க்க வேண்டியவையும் தெளிவாகத் தெரியும்.

நிலம் வகுத்த விதி: இரண்டுமே கிழக்கிந்திய கம்பெனியின் வணிகத்துக்காக வளர்ந்த நகரங்கள். 1639-இல் கம்பெனி பெற்ற ஒரு துண்டுக் கடற்கரை சென்னையானது. 1661-இல் போர்ச்சுகல் இளவரசியின் திருமண ஒப்பந்தத்தின்வழி சீதனமாக ஆங்கிலேய அரசருக்குச் சென்ற ஏழு தீவுகள், 1668-இல் ஆண்டுக்கு 10 பவுண்டு குத்தகைக்குக் கம்பெனியிடம் வந்து மும்பையாயின.

ஆனால், வளர்ந்த விதம் வேறு. மும்பை கடலைத் தூர்த்து நிலம் தேடியது. மூன்று பக்கம் நீர் சூழ்ந்த ஒடுங்கிய நிலப்பரப்பில் அது வடக்கு நோக்கி மட்டுமே நீள முடிந்தது. சென்னைக்குக் கிழக்கே மட்டும்தான் கடல். மற்ற மூன்று திசைகளிலும் சமவெளி. அந்தச் சமவெளி வெற்று நிலமல்ல, ஏரிகளாலும் கால்வாய்களாலும் பின்னப்பட்ட நீர்நிலம். மும்பை கடலைத் தூர்த்ததைப் போலவே, சென்னை தன் ஏரிகளைத் தூர்த்து வளர்ந்தது. இரு நகரங்களின் இன்றைய இன்னல்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன.

மும்பை நெரிசலான நகரம், சென்னை விசாலமான நகரம் என்ற பொதுக் கருத்தைப் புள்ளிவிவரம் அவ்வளவாக ஆதரிக்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோ மீட்டருக்கு ஏறத்தாழ 26 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். மும்பையின் இரு மாவட்டங்களிலும் அது 20 ஆயிரத்தை ஒட்டியே இருந்தது. நகர எல்லைக்குள்ளேயே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் ஒரு பகுதியும், சதுப்பு நிலக் காடுகளும், உப்பளங்களும் இருப்பதால் மும்பையின் சராசரி குறைகிறது. ஆனால், எஞ்சிய நிலத்தில் மக்கள் அடைந்து கிடக்கின்றனர். சென்னையின் கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு மூன்று சதுர கிலோ மீட்டர்கூட இல்லை. ஆக, மும்பை காட்டைக் காத்து மனிதர்களை நெருக்கியது. சென்னை மனிதர்களைப் பரப்பி நீர்நிலைகளை நெருக்கியது.

கூரை எனும் கனவு: நடுத்தர வருவாய் உள்ள ஒரு குடும்பத்துக்கு இரு நகரங்களுக்கும் இடையிலான மிகப் பெரிய வேறுபாடு வீடுதான். இந்தியாவிலேயே வீட்டு விலை மிக அதிகமான நகரம் மும்பை. சென்னையில் ஒரு அரசு ஊழியரோ பள்ளி ஆசிரியரோ கடன் வாங்கிப் புறநகரில் இரண்டு படுக்கையறை வீடு வாங்குவது இன்னும் சாத்தியம். மும்பை மாநகர எல்லைக்குள் அதே ஊதியக்காரருக்கு அது கைக்கு எட்டாத கனவு. அவர் விரார், கல்யாண், பத்லாபூர் என்று ரயில் பாதை நீளும் தூரத்துக்குப் போயாக வேண்டும்.

இந்த நிலைக்கு இடநெருக்கடி மட்டும் காரணமன்று. 1947-இல் இயற்றப்பட்ட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய வாடகையை அப்படியே உறைய வைத்தது. வாடகையால் பயன் இல்லாத உரிமையாளர்கள் பராமரிப்பைக் கைவிட்டனர். ஆயிரக்கணக்கான பழைய கட்டடங்கள் நலிந்து, மழைக்காலந்தோறும் சில இடிந்து விழுந்து உயிர்களைப் பறிக்கின்றன. வாடகைதாரரைக் காக்க வந்த சட்டமே புதிய வாடகை வீடுகள் உருவாவதைத் தடுத்துவிட்டது.

சென்னையின் வாடகைச் சந்தைக்கும் கறைகள் உண்டு. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இங்கு நெடுநாள் வழக்கம். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் - வாடகைதாரர்கள் சட்டம் மூன்று மாத வாடகையையே முன்பணத்துக்கான பொது அளவாகச் சொல்கிறது. நடைமுறையில் அந்த அளவு பரவலாக மதிக்கப்படுவதில்லை. சாதி, மதம், உணவுப் பழக்கம் பார்த்து வீடு மறுக்கும் வழக்கமோ இரு நகரங்களுக்கும் பொதுவானது.

ஏழைகளின் வீட்டுப் பிரச்சினையில் இரு நகரங்களும் எதிரெதிர்த் திசையில் சென்று ஒரே இடத்தில் சறுக்கியிருக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் மும்பை மாநகர மக்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் இருந்தனர். சென்னையில் இந்த விகிதம் கால் பங்கைத் தாண்டியிருந்தது. 1970-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் முதல் ஆண்டுகளில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குக் குடியிருப்புகளைக் கட்டியது. நாட்டுக்கே முன்மாதிரியான முயற்சி அது. பிற்பாடு அந்த நெறி கைவிடப்பட்டு, நகரின் நடுவில் வாழ்ந்த மக்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தென்கோடிக்கு அனுப்பப்பட்டனர். வீடு கிடைத்தது, வேலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவை இருபது கிலோ மீட்டர் தள்ளிப் போயின. வீட்டு வேலைக்கும் மீன் விற்பனைக்கும் சென்றுவந்த பெண்களே இதில் அதிகம் இழந்தனர்.

மும்பை 1995 முதல் வேறு வழியைக் கையாண்டது. குடிசை இருந்த இடத்திலேயே தனியார் கட்டுமானர் இலவச வீடு கட்டித் தர வேண்டும். அதற்கு ஈடாக எஞ்சிய நிலத்தில் உயர்ந்த கட்டடம் எழுப்பி விற்றுக்கொள்ளலாம். இதனால் மக்கள் தங்கள் இடத்தைவிட்டு அகலாமல் இருக்க வழி பிறந்தது. ஆனால், நிலத்தின் சந்தை விலை எங்கே அதிகமோ அங்கே மட்டுமே இத்திட்டம் வேகமெடுத்தது. 'தகுதியற்றோர்' என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் விடுபட்டனர். திட்டங்களுக்காக அகற்றப்பட்ட பலர், எண்ணெய் ஆலைகள் சூழ்ந்த மாஹுல் பகுதியில் குடியேற்றப்பட்டுக் காற்று மாசால் அவதியுற்றனர்.

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் தாராவியில் எழுதப்படுகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் சென்ற தமிழர்களின் உழைப்பில் உருவான பகுதி அது. அங்கே இலவச மறுகுடியிருப்புக்குத் தகுதி பெறாதவர்களுக்கு வீடு கட்ட, மும்பையின் உப்பளங்களில் 256 ஏக்கரை அளிக்க மத்திய அரசு 2024-இல் ஒப்புதல் அளித்தது. மழைவெள்ளத்தை உள்வாங்கும் தாழ்நிலத்தில் ஏழைகளைக் குடிவைப்பது என்ன விளைவைத் தரும் என்பதை, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அருகே வாழும் பெரும்பாக்கத்து மக்கள் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் அனுபவித்துவருகின்றனர்.

தண்டவாளம் தந்த சமத்துவம்: பயணத்தில் மும்பை முன்னே நிற்பதை எவரும் மறுக்க முடியாது. மும்பையில் மின்சாரப் புறநகர் ரயில் ஓடத் தொடங்கியது 1925-இல். கடற்கரை - தாம்பரம் இடையே சென்னையில் மின்சார ரயில் ஓடியது 1931-இல். வெறும் ஆறு ஆண்டு இடைவெளி! அதன் பிறகு மும்பை தன் வளர்ச்சியைத் தண்டவாளத்தோடு பிணைத்துக்கொண்டது. பெருந்தொற்றுக்கு முன் நாள்தோறும் 75 லட்சம் பயணங்களைத் தாங்கியது அந்த ரயில் கட்டமைப்பு. பங்குச்சந்தை அலுவலரும், மதிய உணவுப் பெட்டி சுமப்பவரும் ஒரே ரயிலில் போகிறார்கள். சொந்த வாகனம் இல்லாதவர் அங்கே குறைபட்டவராகக் கருதப்படுவதில்லை. நள்ளிரவை நெருங்கும் நேரத்திலும் பெண்கள் பொதுப் போக்குவரத்தில் செல்லும் காட்சி அங்கே இயல்பானது.

சென்னையோ ரயிலை மறந்து சாலையை நம்பியது. பறக்கும் ரயில் திட்டத்தின் முதல் பகுதி 1995-இல் தொடங்கி, வேளச்சேரியை எட்ட 2007 ஆனது. அங்கிருந்து பரங்கிமலை வரையிலான 5 கிலோ மீட்டர் இணைப்பு அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டது. பழைய மகாபலிபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் முதலில் வந்தன. மெட்ரோ பணி அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் இருசக்கர வாகனத்துக்குச் செலவழித்தது. பொதுப் போக்குவரத்து இல்லாத நகரில், மலிவான வீட்டின் ஆதாயத்தைப் பெட்ரோல் செலவு தின்றுவிடுகிறது.

எனினும், மும்பை ரயிலைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. அந்த ரயில் பாதைகளில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். தண்டவாளத்தைக் கடப்போர், கூட்டம் தாங்காமல் படிக்கட்டிலிருந்து விழுவோர் என இந்த மரணங்கள் நாளொன்றுக்கு ஐந்தாறு வீதம் நிகழ்கின்றன. ஒரு விமான விபத்து நாட்டையே உலுக்கும். ஆண்டு முழுவதும் சிதறி நிகழும் இந்த மரணங்களோ செய்தியின் மூலையில் முடிந்துவிடுகின்றன. வீட்டை எட்டாத தூரத்துக்குத் தள்ளிய நகரம் அதற்கான விலையைத் தண்டவாளத்தில் செலுத்துகிறது. வீட்டுக் கொள்கையும் போக்குவரத்துக் கொள்கையும் ஒன்றே என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

பேருந்தில் நிலைமை தலைகீழ். மும்பையின் புகழ்பெற்ற 'பெஸ்ட்' பேருந்துச் சேவை சொந்தப் பேருந்துகளைக் குறைத்துக்கொண்டு ஒப்பந்த வாகனங்களைச் சார்ந்து நலிந்துவருகிறது. 2025 மே மாதத்தில் அதன் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக உயர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணிக்கின்றனர். ஒரு தூய்மைப் பணியாளருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் அந்தச் சேமிப்பு கணிசமானது. 118.9 கிலோ மீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்ட மெட்ரோவும் உருவாகிவருகிறது. பேருந்து, ரயில், மெட்ரோ மூன்றையும் ஒரே பயணச்சீட்டில் இணைக்கும் முயற்சியும் தொடங்கியிருக்கிறது. போதிய பேருந்துகளும் நடப்பதற்கேற்ற நடைபாதைகளும் சேர்ந்தால், பயணத்தில் மும்பையை எட்டுவது சென்னைக்கு இயலாத காரியமல்ல.

நீரின்றி அமையாது நகர்: மும்பைக்கு நீர் தரும் ஏழு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 14.47 லட்சம் மில்லியன் லிட்டர். நமக்குப் பழக்கமான அளவில் சொன்னால் ஏறத்தாழ 51 டிஎம்சி. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை - தேர்வாய்க்கண்டிகை ஆகிய சென்னையின் ஐந்து நீர்த்தேக்கங்களும் நிரம்பி வழிந்தாலும் 12 டிஎம்சியைத் தொடாது. மும்பையின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. மலைச்சரிவு அணைகளிலிருந்து நீர் தானே இறங்கி வருகிறது. சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதுவும் சில புயல்களில் பெய்து தீர்ந்துவிடுகிறது. ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த கோடை லாரிக் கோடை.

இயற்கை குறைவாகத் தந்ததாலேயே சென்னை சில பாடங்களை விரைவாகக் கற்றது. 2003-இல் மாநிலம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு நிலத்தடி நீரைப் பல பகுதிகளில் மீட்டது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன. பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் திறனுள்ள நிலையம் கட்டப்படுகிறது. 2019-இன் நெருக்கடி மீண்டும் அதே வடிவில் வராமல் இருக்க இவை உதவும். ஆனால், கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் வேண்டும். அதற்கான செலவு என்றேனும் கட்டணத்தில் வந்து சேரும். கைவசம் இருக்கும் ஏரியைத் தூர்வாரிக் காப்பது அதைவிட எத்தனையோ மடங்கு மலிவு.

மும்பையின் நீர்வளமும் எல்லோருக்குமானதாக இல்லை. 'சட்டவிரோதக்' குடிசைப் பகுதிகளுக்கும் குடிநீர் வழங்க வேண்டும் என்று 2014-இல் மும்பை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மும்பைக்கு நீர் அனுப்பும் அணைகளைத் தன் நிலத்தில் தாங்கியிருக்கும் ஷஹாப்பூர் வட்டத்தின் பழங்குடிக் கிராமங்கள் கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கின்றன. வீராணம் ஏரியைப் பாசனத்துக்கு நம்பியிருக்கும் கடலூர் மாவட்ட விவசாயிகளுக்கு இந்த வலி புரியும். ஒரு நகரம் வாழத் தகுந்ததாக இருப்பதற்கான விலையை, அந்நகரில் வாழாதவர்கள் கொடுக்கிறார்கள். எந்தப் பட்டியலிலும் இதற்கு மதிப்பெண் இல்லை.

இரு பெருவெள்ளங்கள்: 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை பெய்தது. ஆக்கிரமிப்பாலும் கழிவாலும் சுருங்கிப்போன மித்தி ஆறு நகருக்குள் புகுந்தது. மகாராஷ்டிரத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் அந்தப் பெருமழைக்குப் பலியாயினர். பத்து ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பரில் அடையாறு சென்னைக்குள் புகுந்தது. அந்தப் பருவமழையில் தமிழ்நாட்டில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மித்தி தந்த எச்சரிக்கையைப் படித்துக்கொள்ளச் சென்னைக்குப் பத்து ஆண்டு அவகாசம் இருந்தது; அதை நாம் பயன்படுத்திக்கொள்ளவில்லை. சென்னை வெள்ளம் மனிதத் தவறுகளால் நேர்ந்தது என்று இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கையே பின்னர் குறிப்பிட்டது.

அதன் பிறகு மழைநீர் வடிகால்கள் கட்டப்பட்டன. மாம்பலம், தியாகராய நகர்ப் பகுதிகள் சில பருவங்களில் பயனடைந்தன. ஆனால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மீண்டும் நாள்கணக்கில் நீரில் மிதந்தன. வடிகால் என்பது நீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் குழாய் மட்டுமே. சென்று சேரும் இடமான சதுப்பு நிலத்தில் கட்டடங்கள் நின்றால் குழாயால் என்ன செய்ய முடியும்? பெரும்பகுதியை இழந்துவிட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பெருமைக்குப் பின்னும் அதன் விளிம்பில் வழங்கப்படும் கட்டுமான அனுமதிகள் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருப்பது வெட்கத்துக்குரியது.

வருவோரும் இருப்போரும்: எந்த ஊரிலிருந்து வந்தாலும் உழைத்துப் பிழைக்கலாம் என்ற நம்பிக்கையை மும்பை நூறாண்டுகளுக்கும் மேலாகக் காத்துவந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி, பங்குச்சந்தைகள், திரைத்துறை, துறைமுகம் என்று அங்கே வேலைகளின் வகையும் வாய்ப்பும் அதிகம். வாகன உற்பத்தி, தகவல் தொழில்நுட்பம், மருத்துவம், உயர்கல்வி ஆகியவற்றில் சென்னை வலுவானது. நிதி, ஊடகம் போன்ற துறைகளில் மும்பைக்கு ஈடில்லை.

ஆனால், அதே மும்பையில்தான் 1960-களில் தென்னிந்தியர்களுக்கு எதிரான அரசியல் வேரூன்றியது. மாதுங்காவிலும் தாராவியிலும் வாழ்ந்த தமிழர்கள் தாக்கப்பட்டனர். இன்று சென்னையின் மெட்ரோ சுரங்கத்திலும் உணவகங்களிலும் கட்டடங்களிலும் உழைப்பவர்கள் பிகாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்தவர்கள். அவர்களைப் பற்றி நம் தெருக்களிலும் சமூக ஊடகங்களிலும் பேசப்படும் சில சொற்கள், அன்று மும்பையில் தமிழர்களைப் பற்றிப் பேசப்பட்டவற்றை நினைவூட்டுகின்றன. வந்தேறி என்ற சொல்லின் வலியை அறிந்த சமூகம் அதைப் பிறர்மீது எறியலாகாது.

நடைபாதையில் வாழ்வோரின் வாழ்வாதாரம், உயிர் வாழும் உரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் மும்பை வழக்கில் கூறியது. அதே ஆண்டில், சென்னைக் குடிசை, நடைபாதை மக்களுக்காக வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு தொடுத்த வழக்கிலும் தீர்ப்பு வந்தது. நகரம் யாருக்கு என்ற கேள்வியை இரு நகரங்களின் மிக எளிய மனிதர்களும் ஒரே காலத்தில் நாட்டின் உச்ச மன்றத்தில் எழுப்பியிருந்தனர் என்பது தற்செயல் அல்ல.

ஆள்வது யார்?: மும்பை மாநகராட்சியின் 2025-26 நிதிநிலை அறிக்கையின் அளவு 74,427 கோடி ரூபாய். சென்னை மாநகராட்சியின் அளவு அதைவிட மிகக் குறைவு. சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்தின் பொறுப்பு என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இது மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. ஆனால், பணம் மட்டுமே நகரத்தை வாழத் தகுந்ததாக்கிவிடாது என்பதற்கும் மும்பையே சான்று. நாட்டின் மிகச் செல்வம் மிக்க மாநகராட்சியின் எல்லையில் பல லட்சம் பேர் பொதுக் கழிப்பறையை நம்பி வாழ்கின்றனர்.

பணத்தைவிட அடிப்படையான குறை ஒன்று இரு நகரங்களுக்கும் பொது. 1688-இல் தோன்றிய, இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சியான சென்னை, 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம்வரை மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் தனி அலுவலரால் ஆளப்பட்டது. சென்னையில் மன்றம் திரும்பிய அதே 2022-இல் மும்பையில் மன்றத்தின் காலம் முடிந்தது. அங்கே 2026 ஜனவரியில்தான் தேர்தல் நடந்தது. வெள்ளம் வந்தபோதும் வறட்சி வந்தபோதும், தெருவில் நின்று கேள்வி கேட்க வார்டு உறுப்பினர் ஒருவர் இல்லாத ஆண்டுகள் அவை. சென்னையின் இப்போதைய மன்றத்தின் காலம் 2027-இல் முடிகிறது. அப்போது உரிய காலத்தில் தேர்தல் நடத்தப்படுவது, எந்த மேம்பாலத்தையும்விட முக்கியமானது.

தவறவிடக் கூடாத தருணம்: மும்பையின் ஆலை நிலங்களுக்கு நேர்ந்ததைச் சென்னை மறந்துவிடக் கூடாது. 1982-இல் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கும், ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும், எஞ்சியது உரிமையாளருக்கும் என்று 1991-இல் விதி வகுக்கப்பட்டது. 2001-இல் அந்த விதி, கட்டடம் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டும் எனத் திருத்தப்பட்டது. ஒரு சொல் திருத்தத்தில் பூங்காக்களும் ஏழைகளின் வீடுகளும் மறைந்து, வணிக வளாகங்களும் வானுயர் மாளிகைகளும் எழுந்தன. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. நம் பெரம்பூரின் பின்னி ஆலை நின்ற நிலத்திலும் இன்று உயர் அடுக்குமாடிகளே நிற்கின்றன.

சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டம் விரிந்த பெருநகரப் பகுதியில் காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் ஏரிகளையும் வயல்களையும் தன் எல்லைக்குள் கொண்டுவருகிறது. அந்த ஏரிகளின் எல்லைகளைக் கட்டடம் வருமுன்பே அளந்து அறிவிப்பது, மெட்ரோ நிலையங்களை ஒட்டிய நிலத்தில் குறைந்த வருவாயினருக்கு இடம் ஒதுக்குவது, குடிசை மக்களைத் தொலைவுக்கு அனுப்பும் வழக்கத்தைக் கைவிடுவது, வடசென்னையின் எண்ணூரில் இனியும் மாசுத் தொழில்களைக் குவிக்காமல் இருப்பது ஆகிய நான்கும் அத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். விதிகள் பின்னாளில் ஒரு சொல் திருத்தத்தால் நீர்த்துப்போகாதபடி அவை சட்டத்தின் வலுவோடு அமைய வேண்டும்.

இன்றைய நிலையில், வீடும் குடும்பமுமாக நிலைபெற விரும்பும் நடுத்தர மக்களுக்குச் சென்னை ஏற்றது. வேலையைத் தேடித் தனியே புறப்படும் இளைஞருக்கும், வாகனமின்றி நகரெங்கும் சென்றுவர விரும்பும் பெண்ணுக்கும் மும்பை ஏற்றது. வசதி படைத்தவர்களுக்கு இரண்டுமே ஏற்றவை. இரு நகரங்களையும் தம் கைகளால் கட்டும் ஏழைகளுக்கோ இரண்டுமே கடினமானவை. சென்னைக்கு இன்னும் மலிவாக மிஞ்சியிருக்கும் நிலமும், முற்றிலும் மறையாத ஏரிகளும் மும்பை எப்போதோ இழந்துவிட்ட வாய்ப்புகள். அவற்றைக் காத்துக்கொண்டே மும்பையின் ரயிலையும் வேலைவாய்ப்பையும் எட்ட முடியுமா என்பதற்கான பதிலை, வரப்போகும் முழுமைத் திட்டத்தின் வரைபடத்தில் நீல நிறத்துக்கு எவ்வளவு இடம் விடப்படுகிறது என்பதிலிருந்தே அறிந்துகொள்ளலாம்.